பிசினும் எண்ணெயும்: கேள்வி பதில்

உசிலம்பட்டி மல்லி விவசாயி: மொட்டுப்புழுவுக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறேன். டேங்கில் எண்ணெய் மிதக்குது. சோப்புக்குப் பதிலா பிசின் போடலாமாண்ணே?

போடலாம். வேப்பெண்ணெய் 100 மில்லி, தண்ணி 50 மில்லி, கருவேலம் பிசின் 25 கிராம், அதாவது 4:2:1. பிசினை இடிச்சு மாவாச் சலிச்சுக்கங்க. நல்லாக் காய்ந்த கல்வத்தில் (மருந்து அரைக்கிற சின்னக் கல்லுரல்) எண்ணெயையும் பொடியையும் குழைச்சு, 50 மில்லி தண்ணியையும் ஒரே தடவையில் ஊத்தி, கையெடுக்காம ஒரே பக்கமா வேகமா அரைங்க. சில நிமிஷத்தில் நிறம் வெளுத்துக் கெட்டியாகி, குழவிக்கடியில் சடசடன்னு சத்தம் கேட்கும். அதுதான் பக்குவம். டேங்குக்கான மீதித் தண்ணி அதுக்கப்புறம்தான், கொஞ்சம் கொஞ்சமா. லிட்டருக்கு 30 மில்லி எண்ணெய்க் கணக்கு. பனியன் துணியில் வடிகட்டலேன்னா நாசில் அடைச்சிடும். சாயங்காலம் அடிங்க, கலந்ததை அன்னைக்கே தீர்த்திடுங்க. கல்வத்தில் ஈரம் இருந்தா பொடி அங்கேயே கட்டிதட்டிடும், கவனம்.

திருமங்கலம் வாசகர்: ஜிகர்தண்டாவுக்குப் போடுற பாதாம் பிசின் வீட்டில் இருக்கு. அது ஆகுமா?

ஆகாது. அது ஊறிப் பெருக்கும், கரையாது.

மேலூர் வாசகர்: ஒத்துக்க மாட்டேன் சார். ஊறினதை மிக்ஸியில் அடிச்சு எண்ணெய் கலந்தேன். ஒரு நாள் முழுக்கப் பிரியலையே?

பிரியாதது கெட்டித்தன்மையால. கூழுக்குள்ள எண்ணெய்த்துளி மேல ஏற வழியில்லாம நிக்குது, அவ்வளவுதான். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணியில் கலக்கி வைங்க. ரசத்து மேல மிதக்கிற மாதிரி எண்ணெய்க் கண்ணு தெரியும். வேலப்பிசின், அதாவது கருவேலம் பிசின், அப்படியில்லை. அதில் சர்க்கரைச் சங்கிலியோட கொஞ்சம் புரதம் ஒட்டியிருக்கு. புரதம் எண்ணெய்த்துளியைப் பிடிச்சுக்கும், சங்கிலி தண்ணிப் பக்கம் நீண்டு துளிகளை ஒண்ணோடொண்ணு சேரவிடாது. சூடானிலிருந்து வர்ற அக்கேசியா செனகல் மரத்துப் பிசின் இதில் முதல் தரம். நம்ம கருவேலம் தரத்தில் அதுக்குக் கீழதான்.

மேலூர் வாசகர்: அப்ப மருந்துக்கடைக்காரங்க ட்ரகாகாந்த் சேர்க்கிறது எதுக்கு? அதுவும் ஊறுற பிசின்தானே?

நல்ல கேள்வி. துணைக்குத்தான் சேர்க்கிறாங்க. துளியைக் காக்கிறது வேலப்பிசின். துளி மேல ஏறுறதை மெதுவாக்குறது ட்ரகாகாந்த். வேலப்பிசின் கலவையில் பாதாம் பிசின் கூழைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்க, மறுக்க மாட்டேன். தனியா வேண்டாம்.

சர்பத் போடுறவர்: ஆரஞ்சு எண்ணெய் பாட்டில் கழுத்தில் வளையமாக் கட்டுது.

வாசனை எண்ணெய்க்கு 4:2:1 போதாது, 2:2:1 வைங்க. துளி பெருசா இருந்தாலும் வளையம் கட்டும். இன்னும் நல்லா அடிக்கணும். சாராயத்தில் கரைச்ச எசென்ஸ் இருந்தா நீர்த்துக் கடைசியில் சேருங்க, நேரா ஊத்தினா பிசின் திரிஞ்சிடும்.

சோழவந்தான் வாசகர்: டேங்கில் எண்ணெய் மிதக்குது, என்ன செய்ய?

மேல இருக்கிற முதல் பதிலைப் பாருங்க.

இன்னொருவர்: முகத்துக்குக் கிரீம்?

அது என் துறை இல்லைங்க.

வாடிப்பட்டி வாசகர்: சொன்ன அளவுதான் போட்டேன், வெளுக்கவே இல்லை.

கல்வத்தைக் கழுவின கையோட அரைச்சீங்களா? தண்ணியைத் தவணையா ஊத்தினீங்களா? ரெண்டில் ஒண்ணுதான். மேல தண்ணி ஊத்தித் தேத்த முடியாது. கல்வத்தை வெயிலில் காயவச்சு, புதுப்பொடியோட மறுபடி தொடங்குங்க.