ஒரே ஒரு பேன்ட், அது எப்படி ‘ஜோடி’? – கேள்வி பதில்

கேள்வி: பேன்ட் ஒன்றுதானே? பிறகு ஏன் ‘எ பேர் ஆஃப் பேன்ட்ஸ்’? அந்தக் காலத்தில் இரண்டு காலையும் தனித்தனியாகத் தைத்தார்களாம், அதனால்தான் என்கிறார்களே?

பதில்: பாதிதான் உண்மை. இடைக்கால ஐரோப்பாவில் ஆண்கள் போட்ட ‘ஹோஸ்’ என்ற நீண்ட காலுறை காலுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. மேலே நாடா போட்டுக் கட்டிக்கொள்வார்கள். 15ஆம் நூற்றாண்டிலேயே இரண்டையும் இணைத்துத் தைக்கத் தொடங்கிவிட்டார்கள். ‘பேன்ட்ஸ்’ என்பதோ ‘பேன்டலூன்ஸ்’ சுருங்கி 19ஆம் நூற்றாண்டில் வந்த சொல். அப்போது உடுப்பு ஒரே துண்டுதான். எனவே தனித்தனிக் கால் கதை இதற்குப் பொருந்தாது. முன்னால் வந்த சொற்கள் பன்மையில் இருந்தன, பின்னால் வந்தவை அதே தடத்தில் போயின என்பதே பொருத்தம்.

முழங்கால் அளவு பேன்ட்டைக் குறிக்கும் ‘ப்ரீச்சஸ்’ நல்ல உதாரணம். பழைய ஆங்கிலத்தில் ‘ப்ரோக்’ ஒருமை, ‘ப்ரேச்’ பன்மை. ‘ஃபுட்’, ‘ஃபீட்’ ஆகிறதே, அதே முறை. அது ஏற்கெனவே பன்மை என்பது மறந்துபோய், பிறகு இன்னொரு பன்மை விகுதியையும் ஒட்டிவிட்டார்கள். பைஜாமாவும் அப்படித்தான். பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால், ‘ஜாமா’ என்றால் உடை. ஒருமையாக இருந்த சொல் ஆங்கிலத்துக்குள் போனதும் ‘பைஜாமாஸ்’ ஆகிவிட்டது.

கேள்வி: சட்டைக்கும் இரண்டு கை இருக்கிறதே! அது மட்டும் ஏன் ஒருமை?

பதில்: சட்டையில் உடம்புப் பகுதிதான் பிரதானம், கைகள் அதில் சேர்த்துத் தைத்தவை. பேன்ட்டில் இடுப்புப் பட்டையை விட்டால் பெரும்பகுதி இரண்டு கால்தான். கத்தரிக்கோல், குறடு, மூக்குக்கண்ணாடி எல்லாம் இதே வடிவம்: ஒரே மாதிரியான இரண்டு பாகம், நடுவில் ஓர் இணைப்பு. ஆனால் இதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பேன்ட் ஒருமைதான். அங்கேயும் மனிதனுக்கு இரண்டு கால்தானே!

கேள்வி: ‘இஸ்’ வருமா, ‘ஆர்’ வருமா? எப்போதும் குழப்பம்.

பதில்: தனியாக வந்தால் பன்மை: ‘தீஸ் ஜீன்ஸ் ஆர் டைட்’. ‘பேர்’ சேர்த்தால் அதுதான் எழுவாய், ஆகவே ஒருமை: ‘திஸ் பேர் ஆஃப் ஜீன்ஸ் இஸ் டைட்’. ‘திஸ் ஜீன்ஸ்’ தவறு. நம்மவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். தமிழில் ஜீன்ஸ் என்பதையே ஒருமையாக வைத்து ‘இந்த ஜீன்ஸ்’, ‘ரெண்டு ஜீன்ஸ்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இன்னொன்று: முதல் வாக்கியத்தில் ‘எ பேர் ஆஃப் ஜீன்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் அடுத்த வாக்கியத்தை ‘தே’ என்று தொடங்குவதுதான் இயல்பு.

கேள்வி: ஏற்றுமதிப் பட்டியலில் ‘டூ பேர்ஸ்’ என்றால் எத்தனை உருப்படி?

பதில்: பொருளைப் பொறுத்தது. ‘டூ பேர்ஸ் ஆஃப் ஷூஸ்’ என்றால் நான்கு ஷூ. ‘டூ பேர்ஸ் ஆஃப் டிரவுசர்ஸ்’ என்றால் இரண்டே உடுப்பு. முதலாவதில் ஜோடியைப் பிரிக்கலாம், ‘எ ஷூ’ என்று ஒன்றைத் தனியாகச் சொல்லலாம். இரண்டாவதில் ‘பேர்’ என்பது வெறும் எண்ணும் அலகு. மொழிபெயர்க்கும்போது அதை ‘இரண்டு ஜோடி பேன்ட்’ என்று போட்டால், படிப்பவர் நான்கு பேன்ட் என்று நினைப்பார். ‘இரண்டு பேன்ட்’ போதும். பைஜாமாவில் மட்டும் கவனம்: ‘எ பேர் ஆஃப் பைஜாமாஸ்’ என்றால் பெரும்பாலும் மேல்சட்டையும் சேர்ந்த இரவு உடை.

கேள்வி: ‘டிரவுசர் பாக்கெட்’டா, ‘டிரவுசர்ஸ் பாக்கெட்’டா?

பதில்: முதலாவது. வேறொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வரும்போது சில சொற்களில் கடைசி ‘எஸ்’ உதிர்ந்துவிடும்: ‘டிரவுசர் லெக்’, ‘பைஜாமா டாப்’. எல்லாவற்றிலும் உதிராது. ‘ஜீன்ஸ் பாக்கெட்’, ‘பேன்ட்ஸ் பாக்கெட்’ அப்படியே நிற்கும். ‘கிளாஸஸ் கேஸ்’ என்பதைச் சுருக்கி ‘கிளாஸ் கேஸ்’ என்று எழுதினால் மூக்குக்கண்ணாடிக் கூடு கண்ணாடிப் பெட்டியாகிவிடும்.

கேள்வி: ஆடை விளம்பரங்களில் ‘எ வைட்-லெக் பேன்ட்’ என்று ஒருமையில் பார்க்கிறேனே?

பதில்: அது ஆடைத் தொழிலின் பேச்சு. ஒரு மாடலைக் குறிக்க அங்கே ஒருமையைப் பயன்படுத்துகிறார்கள். தேர்வுத் தாளில் எழுதாதீர்கள், மதிப்பெண் போகும்.

கேள்வி: அப்படியானால் ‘கிளோத்ஸ்’? அதற்கும் ‘பேர்’ போடலாமா?

பதில்: கூடாது. ‘கிளோத்ஸ்’ பன்மைதான், ஆனால் ஜோடிக் கணக்கில் வராது. ‘த்ரீ கிளோத்ஸ்’ என்று எண்ணவும் முடியாது. கடைசி இரண்டு எழுத்தை எடுத்தால் கிடைக்கும் ‘கிளாத்’ வெறும் துணி, உடுப்பு அல்ல. ஓர் உருப்படி என்றால் ‘எ பீஸ் ஆஃப் கிளோதிங்’, மாற்றிக்கொள்ள முழு உடை என்றால் ‘எ செட் ஆஃப் கிளோத்ஸ்’.