நீர்ப்பாய்ச்சிக்கு நெல் அளப்பவர் யார்?

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வு பெற்ற அதிகாரிகள் நிறுவனங்களின் ஆலோசகர்களாகப் போவதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு இரண்டு நாட்கள் மனம் சரியில்லாமல் இருந்தேன். "தாம் மேற்பார்வையிட்ட நிறுவனத்திடமே ஓய்வுக்குப் பின் சம்பளம் வாங்குவது முறையன்று" என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா மாநில அரசுத் துறை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவர். ஒரு ரூபாய் கைநீட்டி வாங்கியதில்லை என்பதை ஊரே சொல்லும். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஒரு நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. இப்போது அதன் கோப்புகளோடு தம் பழைய அலுவலகத்துக்கே போய்வருகிறார். லையசன் வேலை என்கிறார்கள். இத்தனை ஆண்டு அனுபவத்தை வீட்டுத் திண்ணையில் வீணாக்கச் சொல்கிறீர்களா? லாபி, அதாவது அரசின் முடிவுகளைத் தமக்குச் சாதகமாக்க நிறுவனங்கள் ஆள் வைத்துப் பேசுவது என்பதெல்லாம் டெல்லியில் கோடிகளில் நடப்பதல்லவா? எங்களைப் போன்றவர்களை ஏன் அதில் சேர்க்கிறீர்கள்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர்
(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தையின் நேர்மையை நான் ஐயுறவில்லை. என் கட்டுரை உங்கள் வீட்டில் வருத்தத்தை உண்டாக்கியிருந்தால் அதற்காக வருந்துகிறேன். ஆனால் எழுதியதை மாற்றிக்கொள்ள முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அனுபவம் வீணாகலாமா என்று கேட்கிறீர்கள். நிறுவனம் விலை கொடுப்பது அந்த அனுபவத்துக்குத்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் செனட்டர்களிடம் பணிபுரிந்துவிட்டு லாபித் தொழிலுக்குப் போனவர்களின் வருமானத்தை மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். தாம் முன்பு பணிபுரிந்த செனட்டர் பதவியை விட்டு விலகியதும் அவர்கள் ஈட்டும் வருவாய் ஏறத்தாழ 24 விழுக்காடு சரிந்தது. செனட்டர் விலகியதால் அவர்களுடைய சட்ட அறிவு குறைந்துவிடவில்லை. உள்ளே இருந்த பழக்கம்தான் அற்றுப்போனது. ஆகவே அந்த வருவாயில் கணிசமான பகுதி பழக்கத்துக்குக் கிடைத்த விலை. உங்கள் தந்தையின் துறை அறிவு மட்டுமே வேண்டுமென்றால் நிறுவனம் அவரைத் தன் அலுவலகத்தில் உட்காரவைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். கோப்பைக் கையில் கொடுத்துப் பழைய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ராதாபுரம் வட்டாரத்தில் ஒரு திட்டத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அத்தகைய கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். அன்று நிறுவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அதே பகுதியில் முன்பு பொறுப்பான அரசுப் பதவி வகித்தவர். அவர் எழுந்து பேசவேயில்லை. மேடையில் இருந்த இளைய அலுவலர்கள் வரும்போதும் போகும்போதும் அவரை வணங்கினார்கள், "சார், சௌக்கியமா" என்று விசாரித்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கையில் எழுதி வைத்திருந்த மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சட்டப்படி அங்கே எந்தத் தவறும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெரியவர் திரும்பிப் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

லாபி டெல்லியில் நடப்பது என்கிறீர்கள். நம் நிலத்தடி நீர், கல்குவாரி, கடற்கரை மணல் எல்லாமே யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்தில்தான் நிற்கின்றன. கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவதை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் நிறுத்திவைத்தது. 2017 மார்ச்சில் அந்தத் தடை விலகியது. தாதுமணல் அள்ளுவதை நம் கரையோர மாவட்டங்களில் 2013இல் அரசே நிறுத்த வேண்டியிருந்தது. எவர் மீதும் குற்றம் சாட்டுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தில் எடுக்கப்படும் முடிவுகளின் கனம் டெல்லியில் எடுக்கப்படும் முடிவுகளுக்குக் குறைந்ததன்று என்பதற்காகவே சொல்கிறேன்.

நான் முதன்மையாகக் கருதுவது வேறொன்று. ஓய்வு பெற்றவர் பின்னால் என்ன செய்கிறார் என்பதைக் காட்டிலும், அந்த வேலை கிடைக்கும் என்ற எண்ணம் அவர் நாற்காலியில் இருந்த கடைசி ஆண்டுகளை என்ன செய்தது என்பதே பெரிய கேள்வி. அமெரிக்க விமானப்படையின் கொள்முதல் பொறுப்பில் உயர் பதவியில் இருந்த டார்லீன் ட்ரூயன் என்பவர், போயிங் நிறுவனத்தோடு எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்கான ஒப்பந்தத்தைப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்நிறுவனத்தில் தமக்கு வேலையும் பேசினார். 2003 ஜனவரியில் அங்கே சேர்ந்தார். 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். போயிங்குக்குச் சலுகை காட்டியதை முதலில் மறுத்தவர், தண்டனை அறிவிக்கப்படும் வேளையில்தான் அதை ஏற்றார். அந்நிறுவனம் பின்னர் 61.5 கோடி டாலர் செலுத்தி அரசோடு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அங்கே பேச்சு எழுத்தில் இருந்ததால் பிடிபட்டது. எழுத்தே இல்லாமல், "சார் ரிட்டயர் ஆனதும் நம்ம பக்கம் வந்துடுங்க" என்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லப்படும் வார்த்தையை எந்தத் தணிக்கை பிடிக்கும்? அதைக் கேட்டவர் லஞ்சம் வாங்கியவர் அல்லர்; அடுத்த முறை அந்த நிறுவனத்தின் கோப்பு மேசைக்கு வரும்போது பேனா கொஞ்சம் மென்மையாகிவிடும், அதை அவரே உணர மாட்டார்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஊர்களில், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சிக்கு ஆயக்கட்டில் உள்ள வயல்காரர்கள் எல்லோரும் அறுவடையில் நெல் அளப்பார்கள். கடைமடைக்காரர் அளக்கும் நெல்லும் தலைமடைக்காரர் அளக்கும் நெல்லும் ஒரே மரக்காலில்தான் அளக்கப்பட்டன. ஒரே ஒரு பண்ணையார் நீர்ப்பாய்ச்சியைத் தனியே அழைத்து, "வயசான காலத்துல உனக்கு ரெண்டு மரக்கால் விதைப்பாடு நிலம் எழுதி வைக்கேன்" என்று சொல்லியிருந்தால், அந்தக் கோடையில் மடை எந்தப் பக்கம் அதிக நேரம் திறந்திருக்கும் என்பதை நீங்களே சொல்லலாம். நீர்ப்பாய்ச்சி கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓய்வுக்குப் பிந்தைய வேலை பற்றிய நம் நாட்டின் விதி பெரும்பாலும் ஓய்வுக்குப் பிந்தைய காலத்தையே கட்டுப்படுத்துகிறது. அகில இந்தியப் பணி அதிகாரிகளும் மத்திய அரசின் 'அ' பிரிவு அதிகாரிகளும் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர அனுமதி பெற வேண்டும். மீறினால் ஓய்வூதியத்தை நிறுத்தலாம். முன்பு இது இரண்டு ஆண்டாக இருந்தது. ஓராண்டு முடிந்துவிட்டால் கேட்பாரில்லை. பிரான்சில் இந்தக் காலம் மூன்று ஆண்டுகள். ஐரோப்பிய ஆணையத்தின் முன்னாள் தலைவர் பரோசோ, அப்போதிருந்த பதினெட்டு மாதக் கட்டுப்பாடு முடிந்த சிறிது காலத்தில், 2016இல் கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் சேர்ந்தார்; அதன் பின் தலைவருக்கான காலம் மூன்று ஆண்டாக நீட்டப்பட்டது. ஜப்பானில் இதை 'அமகுதாரி', அதாவது வானிலிருந்து இறங்கி வருதல் என்பார்கள்; அங்கே சட்டம் இறுக்கப்பட்ட பிறகும் கல்வி அமைச்சகமே தன் ஆட்களுக்கு வேலை ஏற்பாடு செய்துகொடுத்தது 2017இல் வெளிப்பட்டு, அதன் மிக உயர்ந்த அதிகாரி பதவி விலகினார். ஆண்டுக் கணக்கை நீட்டினால் மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது.

லாபி செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டமும் நம்மிடம் இல்லை. 2012இல் வால்மார்ட்டின் லாபிச் செலவு பற்றி நம் நாடாளுமன்றம் கொந்தளித்ததே, அந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது அமெரிக்கச் சட்டப்படி அந்நிறுவனம் அங்கே தாக்கல் செய்த கணக்கிலிருந்துதான். எதிர்த்திசைப் போக்கும் இருக்கிறது. தனியார் துறையினரை நேரடியாக மத்திய அரசின் உயர் பதவிகளில் அமர்த்த 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு விளம்பரம் வந்தது. இட ஒதுக்கீட்டுக் கேள்வி எழுந்ததும் மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கேள்வி மிக நியாயமானது. ஆனால் வருபவர் தம் பழைய நிறுவனத்தின் கோப்பைத் தொடலாமா என்ற கேள்வியை அன்று அநேகமாக யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

வேலை பற்றிய பேச்சு தொடங்கிய நாளிலேயே அதிகாரி அதை எழுத்தில் தெரிவித்து, அந்த நிறுவனத்தின் கோப்புகளிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதே நான் கேட்பது. அமெரிக்காவில் உயர் பதவியினர் மூன்று வேலை நாட்களுக்குள் இதைத் தெரிவித்தாக வேண்டும். இங்கே வட்ட அலுவலகம் வரை அது வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் தந்தையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த நிறுவனம் அவரிடம் முதன்முதலாகப் பேசியது எப்போது? ஓய்வுக்குப் பிறகுதான் என்றால், அவர் அங்கே தம் தொழிலறிவைத் தாராளமாகக் கொடுக்கட்டும். பழைய அலுவலகத்துக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் வேறு யாராவது கோப்பை எடுத்துச் செல்லட்டும் என்று நிறுவனத்திடம் அவர் சொல்லிப் பார்க்கலாம். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.