கொலைகார அப்பாவுக்காக அழலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. போன வாரம் இருவரும் சேர்ந்து 'ரோட் டு பெர்டிஷன்' படம் பார்த்தோம். முடிந்ததும், "அப்பான்னா இப்படி இருக்கணும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் முதலாளி சொன்னால் கொலை செய்கிறவன். ஆனால் அவன் செத்தபோது நானும்தான் அழுதேன். இவனை நல்ல அப்பா என்று சொல்லலாமா? படத்தைப் பையனுக்குக் காட்டியது தப்பா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1931, குளிர்காலம், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். ஐரிஷ் தாதா ஜான் ரூனி (பால் நியூமன்) பெற்ற பிள்ளைபோல வளர்த்த அடியாள் மைக்கேல் சல்லிவன் (டாம் ஹாங்க்ஸ்). அப்பா என்னதான் வேலை செய்கிறார் என்று பார்க்க மூத்த மகன் காருக்குள் ஒளிந்துகொண்டு போகிறான், கொலையைப் பார்த்துவிடுகிறான். ரூனியின் சொந்த மகன் கானர், சாட்சியை ஒழிக்க வந்து, சல்லிவனின் மனைவியையும் சின்னப் பையனையும் சுட்டுவிடுகிறான். மிஞ்சிய அப்பாவும் மகனும் ஓடுகிறார்கள்; பழிவாங்கவும் செய்கிறார்கள். 2002இல் சாம் மென்டிஸ் இயக்கியது.

சல்லிவன் பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நல்ல அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவும் மகனும் மனம்விட்டுப் பழகுவது படத்தில் எங்கே என்று யோசித்துப் பாருங்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம். வண்டி குலுங்கிக் குலுங்கி நிற்கிறது, பையன் தடுமாறுகிறான், பார்க்கிற நமக்கு மனசு லேசாகிறது. எதற்காக இந்தப் பாடம்? சிகாகோ தாதா அல் கபோனின் கூட்டம் வங்கிகளில் வைத்திருக்கும் பணத்தை அப்பா அள்ளிக்கொண்டு வரும்போது, வாசலில் வண்டியோடு தயாராக நிற்பதற்கு. பிறகு பையன் தன் பங்கைக் கேட்கிறான்: 200 டாலர். அப்பா உடனே சரி என்கிறான். கூடக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்றால், அது உனக்குத் தெரியவே போவதில்லை என்கிறான். நானும் சிரித்த இடம்தான் அது. ஒரு சிறுவன் கொள்ளையில் கூட்டாளியாகிறான் என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

படம் தராசைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. சல்லிவனுக்கு எதிரே நிற்பவர்கள் எல்லோரும் அவனைவிட மோசமானவர்கள். துரத்தி வரும் மக்வயர் (ஜூட் லா) பிணங்களைப் போட்டோ எடுப்பதில் சுகம் காண்கிறவன். அவன் பக்கத்தில் யாரை நிறுத்தினாலும் உத்தமனாகத் தெரிவார்கள். மகன் ஒளிந்திருந்து பார்த்த அந்த இரவில் சல்லிவனும்தான் ஆட்களைச் சுட்டுத் தள்ளினான். செத்தவர்களின் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்களா? நமக்குச் சொல்லப்படவில்லை, நாமும் கேட்கவில்லை. மழையில் ரூனியின் ஆட்கள் சரியும் காட்சியில் துப்பாக்கிச் சத்தத்தைக்கூட எடுத்துவிட்டு இசையை விட்டிருக்கிறார்கள். கான்ராட் ஹாலின் ஒளிப்பதிவு; அவர் காலமான பிறகு ஆஸ்கர் கிடைத்தது, தகுதியான விருதுதான். ஆனால் அவ்வளவு அழகாக ஒருவன் கொலை செய்தால், அது கொலை என்பதே நமக்கு மறந்துபோகிறது. உங்கள் பையனை மயக்கியதில் அந்த அழகுக்கும் பங்கு உண்டு.

படம் நேர்மையாக இருக்கும் இடங்களும் உண்டு. தேவாலயத்தின் அடித்தளத்தில் ரூனியும் சல்லிவனும் சந்திக்கிறார்கள். இந்த அறையில் இருப்பவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள், நம்மில் யாருக்கும் சொர்க்கம் கிடையாது என்கிறார் கிழவர். என் மகனுக்குக் கிடைக்கலாம் என்கிறான் சல்லிவன். இன்னோர் இடத்தில், தம்பியைத்தான் உங்களுக்கு அதிகம் பிடிக்குமா என்று பையன் கேட்கிறான். நீ என்னைப்போலவே இருந்தாய், அப்படி இருக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்பதுதான் அப்பா தடுமாறிச் சொல்லும் பதில். அந்த மனுஷனே தன்னை ஒரு முன்மாதிரியாக நினைக்கவில்லை. நீங்கள் அழுதது இதற்காகத்தான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பையனிடம் என்ன பேசுவது? உபதேசம் வேண்டாம், 13 வயதில் காதில் ஏறாது. ரூனியைப் பற்றிக் கேளுங்கள். கானர் தன்னிடமே திருடுகிறான், எதற்கும் உதவாதவன் என்று தெரிந்தும் கிழவர் அவனைக் கைவிடுவதில்லை. பெற்ற பாசம். பிள்ளைக்காக எதையும் செய்கிறவன்தான் நல்ல அப்பா என்றால், ரூனியும் நல்ல அப்பாதானே? இதற்கு அவன் கொஞ்சம் திணறுவான், திணறட்டும். கடைசியில் மக்வயருக்கு முன்னால் துப்பாக்கியைப் பிடித்தபடி நிற்கும் பையன் ஏன் சுடவில்லை என்றும் கேளுங்கள். அங்கேயும் சாகும் தறுவாயில் இருக்கும் அப்பாவே சுட்டு, மகன் கையை இயக்குநர் சுத்தமாக வைத்துவிடுகிறார். அது சௌகரியமான முடிவு என்பேன். உங்கள் மகன் ஒப்புக்கொள்ளாமல் சண்டைக்கு வந்தால் இன்னும் நல்லது.

காட்டியது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ். 17 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ பெரியவர்களோ கூட இருந்தால்தான் திரையரங்கில் அனுமதி. நீங்கள் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். இதையே அவன் தனியாக மொபைலில் பார்த்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன். "இப்படி இருக்கணும்" என்றதை உங்கள்மேல் வைத்த குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வேலையை நம்பி ஒப்படைக்கும் அப்பாவைப் பார்த்திருக்கிறான். அவனுக்குப் பிடித்தது அதுவாகவே இருக்கலாம். அதற்கு வங்கியெல்லாம் தேவையில்லை.