ஜெரால்ட் வைலி எழுதியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகைச்சுவை நடிகர்களைப் பற்றிய கட்டுரையில் போகிறபோக்கில் ரோனி பார்க்கரைக் குறிப்பிட்டு, 'அடிப்படையில் அவர் எழுத்தாளர்' என்று சொல்லியிருந்தீர்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் 'தி டூ ரோனீஸ்' நகைச்சுவை நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்புகளைப் பார்க்க ஆரம்பித்தேன். ஹார்டுவேர் கடையில் வாடிக்கையாளர் கேட்பதெல்லாம் கடைக்காரர் காதில் வேறாக விழுமே, அந்தச் சின்ன நகைச்சுவைக் காட்சியை, அந்த ஸ்கெட்சை, வீட்டில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. எனக்குத் தெரிந்து அவர் நடிகர். எதை வைத்து எழுத்தாளர் என்கிறீர்கள்? இன்னொன்று, பேரும் புகழுமாக இருந்தபோதே எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழம்பொருள் கடை வைத்தாராமே? விரக்தியா?

ச., லெஸ்டர்

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்லும் அந்தக் கடை ஸ்கெட்சை எழுதியதே அவர்தான். 1976ல் ஒளிபரப்பானது. லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர்கள், தங்கள் கடையில் தினம் நடக்கும் கூத்தைக் கடிதமாக எழுதி அனுப்ப, அதிலிருந்து பிறந்தது. அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது ஜெரால்ட் வைலியைப் பற்றி.

1968ல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் ஃப்ராஸ்டின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் பார்க்கரும், பின்னாளில் 'டூ ரோனீஸி'ன் இன்னொரு ரோனியான ரோனி கோர்பெட்டும் நடித்துக்கொண்டிருந்தார்கள். வைலி என்று யாரோ ஒருவர் ஸ்கெட்ச் அனுப்ப ஆரம்பித்தார். யாரும் அவரைப் பார்த்ததில்லை, எல்லாம் பார்க்கருடைய ஏஜென்ட் வழியாகவே வந்தது. எழுத்து நன்றாக இருந்ததால் இவர் யார் என்ற ஆராய்ச்சி தொடங்கியது. நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்கும் என்றார்கள், இன்னொரு நாடகாசிரியர் நோயல் கவர்டாகக்கூட இருக்கலாம் என்றார்கள். பார்க்கரும் கூடவே உட்கார்ந்து யோசித்தார். ஒத்திகையில் வைலியின் வரிகளைக் குறை சொல்லவும் செய்தார்.

மருத்துவரின் காத்திருப்பு அறையில் நடக்கும் வைலியின் ஸ்கெட்ச் ஒன்று கோர்பெட்டுக்குப் பிடித்துப்போனது. உரிமையை வாங்கிக்கொள்ள விரும்பினார். ஏஜென்ட் 3,000 பவுண்டு கேட்டார். அந்தக் காலத்தில் அது கண்ணைப் பிதுங்க வைக்கும் தொகை. கோர்பெட் வந்து பார்க்கரிடமே புலம்ப, 'அநியாயம், கொடுக்காதே' என்று அவரும் ஒத்து ஊதினார். பிறகு வைலி மனம் இரங்கி, காசு வேண்டாம், சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நெகிழ்ந்துபோன கோர்பெட், ஜி.டபிள்யூ. என்று எழுத்துப் பொறித்த கண்ணாடிக் கோப்பைகளைப் பரிசாக அனுப்பிவைத்தார். அவை போய்ச் சேர்ந்த இடம் உங்களுக்கே தெரியும். கடைசியில் வைலி எல்லோரையும் ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த சீன உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்தார். பார்க்கர் எழுந்து 'நான்தான் வைலி' என்றபோது பலர் நம்பவில்லை, இதுவும் ஏதோ ஜோக் என்று நினைத்தார்கள்.

இதை வெறும் குறும்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நடிகர் எழுதியது என்று தெரிந்தால் தயவுக்காகச் சேர்த்துக்கொள்வார்கள், அல்லது தயவுக்காகச் சிரிப்பார்கள். பெயரில்லாமல் அனுப்பினால் தாளில் இருப்பது மட்டுமே பேசும். எழுத்தில் கர்வம் உள்ளவனுக்குத்தான் இந்த யோசனை வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அவரால் அவராக மேடையில் நிற்க முடியாது. தொழில் தெரியாததால் அல்ல. வங்கி வேலையை உதறிவிட்டு 1948ல் எய்ல்ஸ்பரியில் நாடகக் குழுவில் சேர்ந்தவர், வாரம் ஒரு நாடகம் போடும் பட்டறையில் தேறியவர். மீசையோ கண்ணாடியோ திக்குவாயோ கொடுத்துவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். (அவர் நடித்த 'ஓப்பன் ஆல் அவர்ஸ்' நகைச்சுவைத் தொடரின் கஞ்ச மளிகைக்காரர் ஆர்க்ரைட்டின் திக்கல், தொடக்க காலத்தில் கூட நடித்த க்ளென் மெல்வினிடமிருந்து எடுத்துக்கொண்டது.) ரோனி பார்க்கராகவே நாலு வார்த்தை பேசு என்றால் வியர்த்துவிடும். 'டூ ரோனீஸை'க் கவனித்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கோர்பெட் கோர்பெட்டாகவே வளவளவென்று பேசுவார். பார்க்கர் தனியாக வந்தால் எப்போதும் ஏதோ ஒரு சங்கத்தின் பிரதிநிதியாக, அமைச்சராக, பாதிரியாராகத்தான் வருவார்.

ஒரு விருது விழாவில் தொழில்நுட்பக் கோளாறால் நிகழ்ச்சி நின்றுபோனபோது, இருவரும் தயாரிப்பே இல்லாமல் பல நிமிடங்கள் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்கள் என்பதும், அரங்கில் இருந்த பிபிசி அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான் 1971ல் 'டூ ரோனீஸை'க் கொடுத்தார்கள் என்பதும் பிரபலமான கதை. என் வாதத்துக்கு அது இடிக்கிறது என்பீர்கள். அன்று பக்கத்தில் கோர்பெட் இருந்தார் என்பதுதான் என் பதில்.

எல்லாமே இன்று பார்க்கத் தகுந்தவை என்று சொல்ல மாட்டேன். கவர்ச்சியாக உடுத்திய பெண்களை நிறுத்திவைத்து அடிக்கும் இரட்டை அர்த்தங்கள் அலுப்பூட்டுகின்றன. 1980களின் தொடக்கத்தில் 'நாட் தி நைன் ஓ'க்ளாக் நியூஸ்' என்ற இன்னொரு நகைச்சுவை நிகழ்ச்சியின் குழு இதைத்தான் கிண்டலடித்து ஒரு பாட்டே போட்டது. பார்க்கர் மிகவும் புண்பட்டார். நியாயமான அடி என்றே நான் நினைக்கிறேன்.

விரக்தியா என்று கேட்டீர்கள். 1987 கிறிஸ்துமஸோடு 'டூ ரோனீஸ்' முடிந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் 'க்ளாரன்ஸ்' என்ற தொடர் வந்தது. அதை எழுதியவர் பெயர் பாப் ஃபெரிஸ். ஆமாம், மறுபடியும் பார்க்கரேதான்! அத்தோடு 58 வயதில் நிறுத்திக்கொண்டார். உடல்நிலையும் ஒரு காரணம். ஆனால் எழுதப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை, ஆசைப்படவும் எதுவும் மிச்சமில்லை என்பதை அவரே சொல்லியிருக்கிறார். நடிகனுக்கு யாராவது எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், எழுபதிலும் நடிக்கலாம். எழுதுகிறவனுக்குச் சரக்கு தீர்ந்தது தெரிந்துவிடும். பிறகு மனைவியோடு சிப்பிங் நார்ட்டனில் கடை. பழைய தபால் அட்டைகளைப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்த மனிதருக்கு அது தண்டனை அல்ல. ஆனால் வியாபாரத்தில் லாபம் பார்த்தாரா என்றால் இல்லை. 2002ல் திரும்பி வந்து சர்ச்சிலின் பட்லராக ஒரு படத்தில் நடித்தார். 2005 அக்டோபரில் காலமானார்.

நீங்கள் அவர் கைதி ஃப்ளெட்சராக நடித்த சிறைச்சாலை நகைச்சுவைத் தொடர் 'போரிட்ஜ்' பார்த்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. பார்க்காவிட்டால் 1974ல் வந்த 'எ நைட் இன்' என்ற பகுதியிலிருந்து தொடங்குங்கள். சிறையறையில் இரண்டே பேர், பழைய கைதி ஃப்ளெட்சரும் புதுப்பையன் காட்பரும். அரைமணி நேரமும் பேச்சுதான். பூட்டிய கதவைப் பார்த்துப் பையன் கலங்குகிறான். இன்று வெளியே எங்கும் போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள் என்கிறார் ஃப்ளெட்சர். பார்க்கர் அங்கே குரலை உயர்த்துவதே இல்லை, சிரிக்க வைக்க மெனக்கெடுவதும் இல்லை. அவர் நடிப்பில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அதை எழுதியவர்கள் டிக் க்ளெமென்டும் இயன் லா ஃப்ரெனேயும். வைலிக்கு அதில் பங்கில்லை, உங்கள் கட்சிக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.