குழந்தையின் தாடை எலும்பு ஆற நாம் என்ன செய்யலாம்?

ஏழு வயது மகனுக்குத் தாடையில் இருந்த நீர்க்கட்டியை எடுத்திருக்கிறார்கள், எலும்பு சீக்கிரம் வளர என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுப்பதைவிடக் காப்பதுதான் முதல் வேலை.

காயத்தில் உறையும் ரத்தக் கட்டிதான் புது எலும்புக்கு அடித்தளம். அதன் மேல்தான் முதலில் மென்திசு படர்கிறது, பிறகு சில வாரங்களில் இளம் எலும்பு உருவாகிறது. அதனால் முதல் 24 மணி நேரம் வாயை வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். சில நாட்களுக்கு ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவும் விடாதீர்கள், அந்த இழுவையில் ரத்தக் கட்டி பெயர்ந்துவிடலாம். மரத்துப்போன உதட்டைக் குழந்தை கடித்துக்கொள்ளும், அதையும் கவனியுங்கள்.

அந்த 24 மணி நேரம் கழிந்த பிறகு, வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாக அலசலாம். மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்க வேண்டும். வலிக்கிறதே என்று விட்டால் கிருமி சேரும்.

சாப்பாடு மென்மையாக இருக்கட்டும், ஆனால் புரதம் குறையக் கூடாது. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நீங்களாகத் தொடங்காதீர்கள். வீட்டில் யாரும் புகைக்காமல் இருப்பது உண்மையிலேயே உதவும். வலிக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. எடைக்கேற்ற அளவில் மருத்துவர் சொன்ன மருந்து போதும்.

குழந்தைகளின் எலும்புறை (எலும்பை மூடியிருக்கும் சவ்வு) தடிமனானது, ரத்த ஓட்டமும் அதிகம், அதனால் பெரியவர்களைவிட வேகமாகவே ஆறும். ஆனாலும் பெரிய குழி நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். நிரந்தரப் பற்களின் முளைகளும் அங்கேயே இருப்பதால் எக்ஸ்ரே பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடினாலோ, காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.