பழைய படகுக்கு பைபர் போர்வை வேண்டாம்

கேள்வி: பன்னிரண்டு அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்று மலிவாகக் கிடைத்தது. தேக்குப் பலகைகளை விளிம்போடு விளிம்பாக வைத்துக் கட்டியது. பல வருஷம் கொட்டகையில் கிடந்ததால் இடுக்குகளில் நகம் நுழைகிறது. வெளியே பைபர் போர்த்திவிட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம். பலகை நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பைபர் அப்படி அசைந்து கொடுக்காது. போதாக்குறைக்கு, தேக்கில் இருக்கும் எண்ணெய்ப்பசையில் பைபரை ஒட்டும் பாலியஸ்டர் ரெசின் சரியாகப் பிடிப்பதில்லை. ஓரம் பெயர்ந்து உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி, மரம் மறைவாக இற்றுக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் தெரியும்!

நகம் நுழையும் இடுக்கு பெரிய விஷயமில்லை. தண்ணீரில் ஊறினால் பெரும்பாலும் தானே அடையும். காய்ந்த இடுக்கில் கெட்டியான எபாக்சி பட்டியை அடைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பலகை உப்பும்போது இடமில்லாமல் ஒன்றையொன்று நெட்டும். ஆணி பிடுங்கிக்கொள்ளும், பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற வங்குகள் விரிசல் விடும்.

முதலில் குத்தூசியால் சோதியுங்கள். வங்குகளின் அடி, பின்பலகையின் மூலைகள், இருக்கைக்குக் கீழே, மொத்தத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் இடமெல்லாம். ஏரிப் படகை இற்றுப்போக வைப்பது பெரும்பாலும் உள்ளே தேங்கும் மழைநீர்தான். உப்புத்தண்ணீர் பூஞ்சையைத் தடுக்கும், நல்ல தண்ணீர் தடுக்காது. ஊசி மெத்தென்று இறங்கினால், அங்கிருந்து நல்ல மரத்துக்குள் ஒரு சாண் தள்ளி வெட்டி எடுங்கள். புதுத் துண்டை ஒட்டுப்போட முனைகளைச் சரிவாகச் சீவுங்கள்; சரிவின் நீளம் பலகைக் கனத்தைப்போல் எட்டு மடங்கு இருக்கட்டும்: 18 மி.மீ. பலகைக்கு 144 மி.மீ. தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் அயனிப் பலகை போதும். கேரளக் கரையில் படகுக்கென்றே வாங்கும் மரம் அது. மலையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று சில்வர் ஓக் போடாதீர்கள். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அது துருப்பிடித்த இரும்பு. செம்பு ஆணியாக மாற்றுங்கள்.

கலப்பற்றும் வேலையை, அதாவது இடுக்குகளை அடைப்பதை, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியைச் சுரண்டி, இடுக்கில் பிரைமர் பூசி, பஞ்சுத்திரியைப் பாதி ஆழம்வரை தட்டிச் செருகுங்கள். ஓங்கி அடித்தால் பலகையே விலகும். மேலே ஆளிவிதை எண்ணெய்ப் பட்டி, விளிம்புக்கு 2 மி.மீ. குறைவாக; பலகை உப்பும்போது பட்டி பிதுங்க இடம் வேண்டுமே. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

இறக்குவதற்கு முன் உள்ளே ஈரச்சாக்கு விரித்து, நாலைந்து நாள் நனைத்துக்கொண்டே இருங்கள். படகுக்குள் தண்ணீரை நிரப்பக் கூடாது, அந்தப் பாரம் கட்டுமானத்தை விரிக்கும். இறக்கிய முதல் இரண்டு நாள் ஒழுகத்தான் செய்யும், வாளியோடு போங்கள். ஏரியில் விட அனுமதி வாங்குவதை வேலை தொடங்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சுக்கானை எபாக்சியால் ஒட்டினேன். மறுநாள் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம். கெட்டுவிட்டதா?
– வாசகர், ஊட்டி

பதில்: இல்லை. குளிரிலும் பனிமூட்டத்திலும், எபாக்சியை இறுக்கக் கலக்கும் ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து விடும் படலம் அது. தின்னருக்குப் போகாது, வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் தாளில் அப்பிக்கொள்ளும். கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் உரியும். அடியிலும் இளகியே இருந்தால் கலவை அளவு தப்பு. முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது எபாக்சியில் பலிக்காது. தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் துணி படாமல் தொங்கவிட்டு, 20 டிகிரியில் வையுங்கள்.

கேள்வி: பாய்மரத்துக்குத் தைலமரக் கம்பு ஆகுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஆகாது. காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பாயைத் தாங்கும் பருமலுக்கு மட்டுமென்றால் முற்றிய மூங்கில் தாராளம். கணுவுக்குக் கணு கயிறு சுற்றுங்கள்.