சரம் நிறையப் பூ, காய் எங்கே?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கம்பம். இடுக்கி மாவட்டம் வண்டன்மேடு பக்கம் மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது, ஞள்ளானி ரகம். வெயில் கூடுதலாகக் கிடைத்தால் காய் கூடும் என்று சொன்னதைக் கேட்டு, நான்கு வருடத்துக்கு முன் நிழல் மரங்களில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன். முதல் வருடம் எடுப்பு நன்றாக இருந்தது. அதன்பின் பூக்கும் சரம் வருகிறது, பூவும் வருகிறது, ஆனால் பூ அப்படியே வாடிக் கொட்டுகிறது. 15 நாளுக்கு ஒருமுறை இலைப்பேனுக்கும் புழுவுக்கும் மருந்து அடிக்கிறோம். காலை 7 மணிக்கு ஆள் வந்ததும் மருந்து வேலைதான். டானிக்கும் அடித்துப் பார்த்தாயிற்று. எந்தச் சத்து குறைகிறது?

பதில்: உங்கள் செடிக்குச் சத்துக் குறை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் காலை 7 மணிதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஏலப்பூவுக்கு ஆயுள் ஒரே நாள். விடியுமுன்னே விரியத் தொடங்கி, காலை வெயில் ஏறும்போது மகரந்தம் உதிரத் தயாராகும். பூவின் பெண் உறுப்பின் நுனியான சூலகமுடி அதை நன்றாக ஏற்பது ஏறக்குறைய எட்டரை மணியிலிருந்து பத்தரை வரை. மாலைக்குள் பூ வாடிவிடும். மகரந்தப்பைக்குச் சற்று மேலே சூலகமுடி நிற்பதால் பூ தனக்குத்தானே சூல் கொள்ளாது. ஒரு தேனீ இதழின் ஊதாக் கோட்டைப் பிடித்து உள்ளே நுழைந்து, முதுகில் பூசிய பொடியை அடுத்த பூவில் தேய்க்க வேண்டும். அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும்தான் இங்கே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன. அவை வரும் நேரத்தில் உங்கள் சரத்தில் இருப்பது பூச்சிமருந்தின் ஈரம். குயினால்பாஸ், இமிடாகுளோப்ரிட் போன்றவை தேனீக்குக் கடும் நஞ்சு. சாகாத தேனீயும் அந்த வாடைக்குத் திரும்பிவிடும்.

இது என் ஊகம்தான் என்று நினைத்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். மருந்து அடிக்காத ஒரு நாள், காலை எட்டரைக்கு ஒரு தூரின் (ஏலச்செடிக் குத்தின்) பக்கத்தில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து எத்தனை தேனீ வந்து போகிறது என்று எண்ணுங்கள். மறுநாள் ஒரு சரத்தில் 20 பூவுக்கு, மெல்லிய ஈர்க்குச்சியால் மகரந்தத்தை எடுத்து இன்னொரு தூரின் சூலகமுடியில் தடவி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பக்கத்துச் சரத்தை அப்படியே விடுங்கள். பத்து நாளில் விடை தெரியும். கை தொட்ட பூ பிடித்து மற்றது கொட்டினால் குறை தேனீயில். இரண்டும் கொட்டினால் வேரில், ஈரத்தில். டானிக் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். முதல் வருட எடுப்பு உங்களை ஏமாற்றிவிட்டது. பல காலம் இலை உதிர்ந்து சேர்ந்த மக்கு, வெயில் பட்டதும் வேகமாகச் சிதைந்து உரமாக இறங்கியது. அது வரவல்ல, முதலைக் கரைத்தது. ஏலத்தின் வேரில் பெரும்பகுதி மேல் ஓர் அடி மண்ணிலேயே ஓடும். அந்த ஓர் அடி சூடேறினால் செடி முதலில் கைவிடுவது பூவையும் பிஞ்சையும்தான்.

உங்கள் தோட்டம் மலையின் கிழக்கு விளிம்பில் இருந்தால் இன்னொரு கஷ்டமும் உண்டு. கோடையில் பகல் ஏற ஏறக் கம்பம் பள்ளத்தாக்கின் சூட்டுக்காற்று சரிவைப் பற்றி மேலேறும். முன்பு அது மரக்கூட்டத்துக்குள் நுழைந்து, இலைகள் விடும் ஈரத்தில் குளிர்ந்து உங்கள் செடிக்கு வந்தது. இப்போது வறண்டபடியே வந்து இலையைக் கிழித்து, மண்ணின் ஈரத்தையும் கொண்டுபோகிறது. 2024 கோடையில் இடுக்கியில் ஏலம் எப்படிக் கருகியது என்று நீங்கள் கண்ணால் பார்த்தவர். நிழலும், தூரைச் சுற்றிச் சருகு பரப்பிய மூடாக்கும் இருந்த தோட்டங்கள் எப்படித் தாங்கின என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

மரத்துக்கும் தேனீக்கும் உள்ள உறவை நம்மில் பலர் நினைப்பதில்லை. ஏலம் பூப்பது பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை. மீதி மாதங்களில் தேனீ எதைத் தின்னும்? நாவலும் சந்தன வேம்பும் தரையில் பூக்கும் களையும்தான் அதற்குக் கஞ்சி ஊற்றின. மரத்தை வெட்டி, களைக்கொல்லியும் அடித்தால் தேனீக்கூட்டம் வேறு காட்டுக்குப் போய்விடும். பூ வந்தபின் அதைக் கூப்பிட்டால் வராது.

செய்ய வேண்டியது இது. பூக்காலத்தில் காலை மருந்தை இன்றே நிறுத்துங்கள். நாள் கணக்குப் பார்த்து அடிப்பதை விட்டு, சேதம் கண்டால் மட்டும், தேனீ அடங்கிய மாலையில் அடியுங்கள். பேன் ஒளியும் இடம் காய்ந்த இலை உறை. பூக்காலத்துக்கு முன் கவாத்து செய்து அதை நீக்கினாலே பேன் குறையும். ஏக்கருக்கு இரண்டு அடுக்குத் தேனீப் பெட்டி வையுங்கள். மருந்தை நிறுத்தாமல் பெட்டி வாங்கினால் காசும் தேனீயும் வீண்.

நிழல் 40 முதல் 60 சதவீதம் வேண்டும். அவசரத்துக்கு, கோடை மழை விழுந்ததும் கல்யாண முருங்கைக் கம்பு ஊன்றுங்கள், அது வேகமாக எழும். அதன் நடுவே சந்தன வேம்பு, பலா, நாவல் கன்றுகள் வையுங்கள். கிழக்கு எல்லையில் நெருக்கமாக நடுங்கள். சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நடுவதை நான் ஆதரிப்பதில்லை. அதன் நிழல் மெலிது, சருகு மக்க நாளாகும். அதற்காக இருட்டடிக்கவும் வேண்டாம். மழைக்காலத்தில் காற்றோட்டம் இல்லாத தோட்டத்தில்தான் அழுகல் நோய் காயைத் தின்னும். ஆகவே மே, ஜூனில் மழை வலுக்குமுன் கிளை கழித்து ஒளி விட வேண்டும்.

டிசம்பர் முதல் தூரைச் சுற்றி அரை அடி கனத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள். ஆனால் கோடை மழை பெய்து பூ தொடங்கும்போது அதைத் தூரடியிலிருந்து விலக்கி, சரங்களை எடுத்து மூடாக்கின் மேல் விடுங்கள். சருகுக்குள் புதைந்த பூவைத் தேனீ தேடி வராது. பலர் வருடமெல்லாம் உழைத்துவிட்டு இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

உரத்தை இந்த வருடம் கூட்ட வேண்டாம். மண் பரிசோதனை செய்து கார அமில நிலை (pH) 5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இடுங்கள், தொழுவுரம் கொடுங்கள், அது போதும். ஆடி அடைமழையில் தேனீ வெளியே வராது, அந்த நாட்களில் பூ கொட்டுவது இயற்கை. அதைப் பார்த்து மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

மரம் வளர்ந்து நிழல் கட்ட மூன்று நான்கு வருடம் ஆகும். தேனீ விஷயத்தில் மாற்றம் இந்தப் பூவிலேயே தெரியும். நூல் கட்டிய சரத்தின் கணக்கை எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பேசுவோம்.